பீரோச் சாவி என்னிடம் இருந்தது

எங்கள் கல்லூரியின் விளையாட்டு அறையில் இரண்டு அலமாரிகள் உண்டு. ஒன்று கண்ணாடி போட்டது, அதில் கோப்பைகள். இன்னொன்று துருப்பிடித்த இரும்பு பீரோ. அதில் என் அணிப் பிள்ளைகளின் சான்றிதழ்கள். வருகிறவர்கள் எல்லாம் கண்ணாடி அலமாரியைப் பார்த்து, தலையை ஆட்டி, என்னைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். நான் எழுத வேண்டியிருப்பது பீரோவைப் பற்றி.

யாங்கோனில் பெண்கள் சாப்ட்பால் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அலோன் துறைமுகத்தில் மூட்டை ஏற்றியவரின் மகள் நான். பள்ளியில் குண்டு எறிந்தேன், அந்தப் பலத்தில் உடற்பயிற்சி ஆசிரியை வேலை கிடைத்தது. சேர்ந்த வாரமே அப்போதைய முதல்வர் ஒரு பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். ஜப்பானிலிருந்து யாரோ தானமாக அனுப்பிய மட்டைகளும் கையுறைகளும். பந்து பெரிதாக இருக்கிறது, பெண்களுக்குச் சரிப்படும் என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே இந்த விளையாட்டைப் பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த காரியங்களில் பாதி கோபத்தில் செய்தவை.

ஜெயித்தோம். பொய் அடக்கம் எனக்கு வராது, அதனால் சொல்கிறேன்: நிறையவே ஜெயித்தோம். களத்துக்கு வெளியே நின்று, பந்தை எப்படி எறிவது என்று நான் தமிழில்தான் கத்துவேன். மேலே, கீழே, உள்ளே, வெளியே, மெதுவா. பர்மியப் பிள்ளைகள், கரேன் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லோரும் இந்த ஐந்து வார்த்தைகளைக் கற்றிருந்தார்கள். எதிர் அணி விழிக்கும். ஒரு தடவை எதிர் அணிப் பயிற்சியாளர் நடுவரிடம் போய், இந்தச் சயாமா மந்திரம் சொல்கிறார் என்று புகார் செய்தார். சயாமா என்றால் இங்கே ஆசிரியை. என்னை இந்த ஊரில் வேறு பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

பீரோ வழக்கம் ஒரு மழைக்காலத்தில் தொடங்கியது. ஒரு பிள்ளையின் வீட்டில் தண்ணீர் புகுந்து அவளுடைய பட்டயங்கள் எல்லாம் கூழாகிவிட்டன. அன்றிலிருந்து அணியில் சேரும் ஒவ்வொருத்தியும் தன் அசல் சான்றிதழ்களை என்னிடம் கொடுத்துவிட வேண்டும். படிப்பு முடிந்து போகிறபோது என் பரிந்துரைக் கடிதத்தோடு சேர்த்துத் திருப்பிக் கொடுப்பேன். சாவி என் கழுத்துச் சங்கிலியில் தாலிக்குப் பதிலாகத் தொங்கும் என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். கல்யாணம் ஆகாத எனக்கு அந்தக் கேலி பிடித்திருந்தது.

பிறகு பட்டாள ஆட்சி வந்து காலம் கெட்டது. எப்படிக் கெட்டது என்று நான் விளக்க வேண்டியதில்லை, இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாதமும் ஒருத்தி வந்து தயங்கி நிற்பாள். தாய்லாந்து, மலேசியா, சில பேர் எங்கே என்றே சொல்லாமல். இந்த விளையாட்டில் ஒரு சலுகை உண்டு. தொடக்கத்தில் ஆடியவளை வெளியே எடுத்தால் அவளை ஒரு தடவை மறுபடி உள்ளே விடலாம். அதைச் சொல்லித்தான் ஒவ்வொருத்தியையும் அனுப்பிவைத்தேன். ஒருத்திகூடத் திரும்பி வரவில்லை. போன பருவத்தில் எண்ணிப் பார்த்தபோது ஒன்பது பேர் இருந்தார்கள். களத்தில் இறங்கவே ஒன்பது பேர் வேண்டும்.

அந்த ஒன்பதில் பந்து எறிகிறவள் ஒருத்தி. தாமுவே பேட்டைக்காரி. அவள் அம்மா அங்கே சந்தை முனையில் தோசைக் கடை வைத்திருக்கிறாள், அப்பா இல்லை. வீட்டில் தமிழ் காதில் விழுந்தாலும் வாயில் வருவது பர்மியம்தான். தோளைச் சுழற்றி இடுப்புக்குக் கீழிருந்து அவள் பந்தை விடும்போது எனக்குள் ஏதோ நேராகும். இத்தனை வருடத்தில் இவளைப் போல ஒருத்தியை நான் உருவாக்கியதில்லை. உருவாக்கினேன் என்று சொல்வதும் அகம்பாவம்தான்.

ஒருநாள் பயிற்சி முடிந்து கையுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பழைய தானக் கையுறைகளின் உட்பக்கம் ஜப்பானிய எழுத்தில் பெயர்கள் எழுதியிருக்கும். முப்பது வருடமாக அவை எங்களுக்கு வெறும் கோடுகள். அவள் தன் கையுறையைத் திருப்பி, விரலை வைத்து, அந்தப் பெயரை வாசித்தாள். மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. ஜப்பானிய வகுப்புக்குப் போகிறவள் எதற்குப் போகிறாள் என்று தெரியாத அளவுக்கு நான் பச்சைப் பிள்ளை இல்லை.

மறுவாரம் அவள் அம்மா வந்தாள். கடையை மூடிவிட்டு வந்திருந்தாள், கையில் மாவு காய்ந்திருந்தது. ஜப்பானில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாகச் சாப்ட்பால் அணியே இருக்கிறதாம். இவள் எறிவதைப் படம்பிடித்து அனுப்பியதும் சரி என்று சொல்லிவிட்டார்களாம். அசல் சான்றிதழும், கல்லூரியிலிருந்து விடுவிக்கும் கடிதமும் உடனே வேண்டும். இரண்டும் என் பீரோவில், என் பேனாவில் இருந்தன.

இறுதிப் போட்டிக்கு மூன்று வாரம் இருந்தது. அவள் போனால் எட்டு பேர். ஆடாமலே தோற்றதாக எழுதிவிடுவார்கள். இந்த வருடம் அணி இறங்காவிட்டால் சாப்ட்பாலையே மூடிவிட்டு மைதானத்தில் கிடங்கு கட்டுவதாக இப்போதைய முதல்வர் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அந்த அம்மாவிடம் விவரமாகச் சொன்னேன். மூன்றே வாரம், போட்டி முடிந்த மறுநாள் என் கையாலேயே தருகிறேன் என்றேன்.

அவள் சொன்னாள்: "மூணு வாரம்ங்கறது இப்ப இந்த ஊருல யாரு கையிலயும் இல்ல சயாமா. கதவு தொறந்திருக்கு. புள்ளைய விட்ருங்க."

நான் பீரோவைத் திறக்கவில்லை. மைதானத்துக்காக என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது பொய் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. கண்ணாடி அலமாரியில் ஓர் இடம் காலியாக இருந்தது. இவள் எறிந்து அந்தக் கோப்பை வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். சயாமா சொன்னால் சொன்னதுதான் என்று வளர்க்கிற ஊர் இது, அப்படித்தான் நானும் அவர்களைப் பழக்கியிருந்தேன். அவளோடு ஜப்பானுக்குப் போக இருந்த குழு அவள் இல்லாமல் அடுத்த வாரம் விமானம் ஏறியது. அடுத்த குழுவில் இவளைச் சேர்த்துக்கொள்வதாக ஆள் அனுப்பும் ஏஜெண்ட் சொல்லியிருந்தார். அதைக் கேட்டு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இறுதிப் போட்டியன்று வெயில் மண்டையைப் பிளந்தது. அவள் நடுவிரலில் கொப்புளம் உடைந்து பந்தில் ரத்தம் பட்டிருந்தது. நடுவர் பந்தை மாற்றினார், அவள் விரலை லுங்கித் துண்டில் துடைத்துக்கொண்டு மறுபடி வட்டத்துக்குள் போய் நின்றாள். எதிர் அணியின் கடைசி ஆட்டக்காரி மட்டையோடு வந்து நின்றபோது நான் "வெளியே" என்று கத்தினேன். பந்து அவள் மட்டையை விட்டு விலகி, பிடிப்பவளின் கையுறைக்குள் போய் விழுந்தது. பிள்ளைகள் என்னைத் தூக்கினார்கள். என் எடைக்கு அது சாதாரண வேலை இல்லை.

சொன்ன சொல் தவறாமல் மறுநாள் காலையில் பீரோவைத் திறந்தேன். சான்றிதழ்களை உறையில் போட்டு, என்னால் முடிந்த அளவு நல்ல கடிதம் எழுதி, இரண்டு முத்திரை குத்தி, தாமுவேக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டு ஒரு தோசை போட்டுக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்த மாதம் முடிவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு அரசாங்க அட்டை வேண்டும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அட்டை வருவது நின்றுபோனது. எங்கே எழுதி ஒட்டியிருக்கிறது என்று கேட்டால் யாரும் பார்த்ததில்லை. ஏஜெண்ட் முதலில் அடுத்த மாதம் என்றார், பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை. நான் தெரிந்த ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றேன். கோப்பை வாங்கியபோது கை குலுக்கிய மனிதர்கள் என்னை வராந்தாவில் உட்காரவைத்தார்கள். பட்டாளத்துக்குப் பெண்களையும் கட்டாயமாக எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்த பிறகு, அம்மா அவளைச் சந்தைப் பக்கம்கூட விடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். அந்தத் தோளை வைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கோப்பை வாங்கியும் அணி கலைந்தது. மைதானத்தில் சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கின. அந்தக் கோப்பையை அலமாரியில் வைத்தேன், பிறகு எடுத்துவிட்டேன், எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டினேன்.

தடிங்யுட் விளக்குப் பண்டிகை வந்தது. அந்த நாட்களில் மாணவர்கள் ஆசிரியர் வீடு தேடி வந்து கடாவ் செய்வார்கள். மண்டியிட்டு, கைகூப்பி, உடலாலும் வாயாலும் மனத்தாலும் உங்களுக்குச் செய்த பிழைகளை மன்னிக்க வேண்டும் என்று கேட்டு, மூன்று முறை தரையில் தலைவைத்துக் கும்பிடுவார்கள். ஆசிரியர் வாழ்த்துவார். முன்பெல்லாம் என் படிக்கட்டில் செருப்பு வைக்க இடம் இருக்காது. இந்த வருடம் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருந்தேன்.

பகல் பதினோரு மணிக்கு அவள் வந்தாள். ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு துவாலை, இரண்டு சோப்பு. இளைத்திருந்தாள். உட்காரச் சொல்வதற்குள் மண்டியிட்டுவிட்டாள். கைகளைக் கூப்பி, அந்த மன்னிப்பு வாசகத்தைப் பர்மியத்தில் ஒரு சொல் விடாமல் சொன்னாள். என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள்.

எனக்குத் தாங்கவில்லை. நாற்காலியை விட்டு இறங்கினேன். முழங்கால் தரையில் படுவதற்குள் அவள் என் இரண்டு தோள்களையும் பிடித்துத் தடுத்துவிட்டாள்.

"வேணாம் சயாமா," என்றாள் தமிழில். "நீங்க எனக்குக் கும்புட்டா பாவம் எனக்குத்தான் வரும்."

அவள் சொன்னது சரி. இந்த ஊர் நம்பிக்கை அது. பெரியவர் சின்னவர் காலில் விழுந்தால் அந்தச் சுமை சின்னவர் தலையில் ஏறும். ஏற்கெனவே அவளுக்கு நான் செய்தது போதாதென்று, என் மனச்சுமையையும் அவள் தலையில் இறக்கப் பார்த்தேன். மெல்ல எழுந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். அழுகை வந்தது, அதை மறைக்கவும் முடியவில்லை.

அவள் போகவில்லை. மூன்று முறை கும்பிட்டுவிட்டுக் குனிந்த தலையோடு காத்திருந்தாள். எதற்கு என்று எனக்குத் தெரிந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லா வருடமும் நான் சொல்வது ஒரே வாழ்த்து. நல்லா இரு என்று ஏதோ முணுமுணுத்தேன். அவள் தலையை உயர்த்தவில்லை.

"எப்பவும் சொல்றதச் சொல்லுங்க சயாமா," என்றாள்.

சொன்னேன். போக நினைக்கிற இடத்துக்குப் போய்ச் சேரணும் என்று சொன்னேன். வாய் குளறாமல், முழுதாகச் சொன்னேன்.

நன்றி என்று சொல்லி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, தாமுவே பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.