பக்கத்து இருக்கையும் நீள லென்ஸும்

பந்தாட்டத்தைப் படம் பிடிக்கிறவனுக்கு முதல் எதிரி பந்து இல்லை, டிக்கெட்டில் இருக்கிற இருக்கை எண். கமராவோடு அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

டென்மார்க்கின் இக்காஸ்ட் என்ற சின்ன நகரத்தில் வாரநாளில் எனக்குத் துணி ஆலை வேலை. ஞாயிறுகளில் உள்ளூர்ப் பத்திரிகைக்கு லீக் ஆட்டப் படங்கள். மைதானத்துக்குள் இறங்க விடமாட்டார்கள், டிக்கெட் எடுத்துத்தான் இருக்கவேண்டும். மனைவி ராணி யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருந்தாள். அகதியாக வந்த எங்கள் ஆட்கள் குடும்பத்தைக் கூப்பிடப் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் கொப்பன்ஹேகனில் அசையாமல் கிடந்த காலம் அது. அறைக்குள் தனியே இருந்தால் விசர் பிடித்துவிடும் என்றுதான் இந்த வேலையை எடுத்தேன்.

முன்வரிசை மோகம்

முதல் ஆட்டத்துக்கு நடுக்கோட்டுக்கு நேரே முன்வரிசை கேட்டு வாங்கினேன். நீங்களும் அதைத்தான் வாங்கியிருப்பீர்கள். ஆட்டம் முழுக்கக் கொடியோடு லைன்ஸ்மன் என் மூக்குக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். படங்களை மேசையில் பரப்பிப் பார்த்த ஆசிரியை கிர்ஸ்டன் கேட்டார்:

"படங்கள் அருமை. இந்தக் கொடிக்காரர் எத்தனை கோல் போட்டார்?"

வெயில் பக்கம்

அடுத்த தடவை கோல் கம்பத்துக்குப் பக்கமாக, நாலைந்து வரிசை மேலே ஏறினேன். நல்ல குளிர். எதிரில் பளீரென்று வெயில் அடித்தது. ஊரில் நிழலைத் தேடி ஓடின நாங்கள் இங்கே வெயிலைக் கண்டால் விடுவோமா? அதை முகத்தில் வாங்கிக்கொண்டு சுகமாக இருந்து எடுத்தேன். படத்தில் ஆட்டக்காரர் எல்லாரும் கரிக்கட்டையாக வந்தார்கள். என்னோடு அறையில் இருந்த சிவம் அண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, டென்மார்க்கில எங்களைவிடக் கறுத்த ஆக்களை இப்பத்தான் பாக்கிறன்!"

நீள லென்ஸ்

பிறகு பழைய இருநூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று அகப்பட்டது. கோல் போட்டவன் கத்துகிற வாய், கட்டிப்பிடிக்கிற கைகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. பெருமை தாங்காமல் ராணிக்கும் ஒரு கட்டு அனுப்பினேன். பதிலுக்குக் கசெட்டில் பேசி அனுப்பினாள். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அழுதேன்:

"ஊரில உள்ள ஆக்களின்ர முகமெல்லாம் கிட்டத்தில காட்டுறியள். உங்கட முகம் எங்கையப்பா?"

எதிரே நின்றவன்

அடுத்த ஞாயிறே என் முகத்தையும் எடுத்து அனுப்ப நினைத்தேன். அன்று கையில் இருந்ததும் அதே லென்ஸ்தான். வாசலில் டிக்கெட் பார்க்கிற யென்ஸிடம் கமராவைக் கொடுத்துவிட்டு என் இருக்கையில் இருந்தேன். பக்கத்தில் நின்றால் என் மூக்கு மட்டும்தான் விழும். பாவம், படி இறங்கி இறங்கி மைதான ஓரத்துக்கே போய்விட்டான். அங்கேயிருந்து, பக்கத்து இருக்கையில் கமராப் பை வைத்திருக்கிறாயே, அது யாருக்கு என்று கத்திக் கேட்டான். மனைவிக்கு என்றேன். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அப்படியென்றால் பையை எடு. இடம் இருக்கிறது என்று அவள் பார்க்கட்டும்."

இரண்டு டிக்கெட்

எங்கள் விண்ணப்பங்களை முடக்கிவைத்த விஷயம் பத்திரிகைகளில் அடிபட்டு, கோப்புகள் மெல்ல அசையத் தொடங்கின. ஒரு வழியாக ராணி வந்து சேர்ந்தாள். முதல் ஞாயிறே அவளை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படத்தில் பார்த்த இருக்கையைத் தானே கண்டுபிடித்துப் போய் இருந்தாள். நான் பழக்கதோஷத்தில் நீள லென்ஸைத் தூக்கினேன். அவ்வளவு கிட்டத்தில் அதற்குள் ஒன்றும் தெரியவில்லை, பனிமூட்டம்போல ஒரே புகார். கொஞ்சம் பின்னால் போகலாம் என்று எழும்பினவனை அவள் சட்டையில் பிடித்து இழுத்தாள்:

"இவ்வளவு காலம் தூரத்தில நிண்டது காணும். பேசாம இதில இருங்கோ."

எந்த இருக்கை நல்லது என்று புதிதாகக் கமரா வாங்கினவர்கள் கேட்டால், கோல் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்து இருக்கையும் சேர்ந்து கிடைக்கிற இடமாகப் பார்த்து வாங்குங்கள் என்றுதான் சொல்லிவருகிறேன்.