ஒரு தடவையும் குறையாத பெட்டி

நான் அவளுக்கு நாத்தனார். அண்ணியைப் பற்றி நாத்தனார் நாலு நல்ல வார்த்தை சொன்னால் ஊர் நம்பாது. அதனால் நல்லதும் பொல்லாததும் கலந்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு நிதிக்கும் மாணவர் மன்ற நிதிகளுக்கும் அண்ணிதான் கணக்கர். பக்கத்து அறையில் நான் நூலகம் பார்க்கிறேன். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்பு. அங்கே தும்மினால் இங்கே நான் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவு மெல்லியது. சம்பளம், மானியம் போன்ற பெரிய பணமெல்லாம் மாடியில் பெரிய ஆபீசில். அண்ணியிடம் வருவது பிள்ளைகள் சேர்த்த பணம். நாடக மன்றம் டிக்கெட் விற்ற காசு, இசைக்குழுவின் சந்தா, அறிவியல் மன்றத்தின் கண்காட்சி வசூல், கால்பந்தாட்டத்தின் நுழைவுக் கட்டணம். ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. ஒன்றின் காசை இன்னொன்று தொடக்கூடாது என்பது சட்டம். அண்ணிக்கு அது சட்டத்துக்கும் ஒரு படி மேலே.

ஒருமுறை விளையாட்டு மாஸ்டர் வந்து கெஞ்சினார். "நாடகக் கணக்குல பணம் சும்மாதானேம்மா கிடக்குது? அதுல எடுத்து ஷூ வாங்கிடலாம். அடுத்த ஆட்டத்துல வசூலாச்சுன்னா திருப்பிப் போட்டுடலாம்."

"பக்கத்து வீட்டுச் சோத்தை எடுத்து உங்க தட்டுல போடச் சொல்றீங்களா மாஸ்டர்?"

"பசங்க வெறுங்காலோட ஓடுறாங்கம்மா."

"பசிச்சா உங்க அடுப்பை மூட்டுங்க. அடுத்த அடுப்புல கைய வைக்காதீங்க."

மாஸ்டர் என் அறைக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு போனார். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் ரசீதக்கா. பந்து வாங்கினாலும் பசை வாங்கினாலும் ரசீது இல்லாமல் அவள் முன்னால் நின்றால் அன்றைக்கு அவர்கள் கதை முடிந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

அவள் ஒரு இடத்தில் நிலையாக உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது. பீரோவைப் பூட்டுவாள், பூட்டை இழுத்துப் பார்ப்பாள், வாசல் வரை போவாள், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தான். சாப்பிட உட்கார்ந்தால் கேஸை மூடினோமா என்று எழுந்திருப்பாள். காலில் சக்கரம் கட்டியவளைக் கட்டிக்கொண்ட என் அண்ணன் நேர்மாறு. மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறான். பிரித்துப் போட்ட மோட்டாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிக்கூட விடுவான்.

அந்த அண்ணன்தான் பல வருடங்களாக ஆட்டத்துக்கு வாசலில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்தான். சனிக்கிழமை சும்மா வந்து உட்கார வேறு யாரும் முன்வரவில்லை. டிக்கெட்டுகளுக்கு வரிசை எண் உண்டு. எந்த எண்ணில் தொடங்கி எதில் முடிந்ததோ, அதற்குச் சரியாகப் பெட்டியில் காசு இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போடுவார்கள். அந்த இரண்டு பேர் உறவுக்காரர்களாக இருக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. ரசீதக்கா வீட்டு ஆள்தானே என்று அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. கால்பந்து மைதானத்தில் புருஷனும் பெண்டாட்டியும் எதிரெதிரே உட்கார்ந்து சில்லறை எண்ணுவார்கள்.

இந்த வருடம் புது ஆடிட்டர் வந்தார். ஒல்லியான மனிதர், டீ கொடுத்தாலும் வேண்டாம் என்பார். இரண்டு நாள் எதுவும் பேசாமல் தாள்களைப் புரட்டினார். அண்ணி வாசலுக்கும் பீரோவுக்கும் நடந்தாள். மடியில் கனமில்லாதவளுக்கு எதற்கு வழியில் பயம் என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது. மூன்றாம் நாள் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்டது.

"அம்மா, உங்க கணக்குல ஒரு தப்பும் இல்ல."

"ரொம்ப நன்றி சார்."

"அதுதான் தப்பு."

அண்ணியின் செருப்புச் சத்தம் நின்றது.

"வாசல்ல காசு வாங்குற பெட்டி ஏதாவது ஒரு நாளைக்குக் குறையும். குறைஞ்சா, குறைவுன்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். உங்க தாள்ல அந்தக் கட்டம் எப்பவுமே காலி. குறையுற காசை யாரு நிரப்புறா?"

பீரோ சாவி குலுங்கியது. பிறகு, "நான்தான் சார். என் பர்ஸ்லருந்து" என்றாள்.

"போடத் தெரிஞ்சவங்களுக்கு எடுக்கவும் தெரியும்னு நான் எழுதினா என்ன சொல்வீங்க?"

"அய்யோ சார்..."

"காசு ஏன் குறைஞ்சுது? தெரியாம போட்டீங்களா, தெரிஞ்சு யாரையாவது மறைக்கப் போட்டீங்களா? திங்கக்கிழமை வர்றேன். காரணம் சொல்லுங்க. இல்லன்னா இந்தக் கணக்கு உங்க கையில இருக்கக்கூடாதுன்னு எழுதிட்டுப் போயிடுவேன்."

எனக்கு அப்போதுதான் எங்கள் வீட்டின் புதிர் விளங்கியது. ஆட்டங்கள் நடக்கும் மாதங்களில் பாலில் தண்ணீர் ஏறும். சோப்பைப் பாதியாக வெட்டி வைப்பாள். கேட்டால், "இந்த மாசம் கொஞ்சம் இறுக்கம்" என்பாள். தன் சம்பாத்தியம் போதவில்லையே என்பதுபோல் அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்வான். வீட்டுக்கு வரும் வழியிலேயே சண்டை பிடித்தேன்.

"ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க. நீங்க எங்க பாலைக் கொண்டுபோய் ஸ்கூல் பெட்டியில ஊத்தியிருக்கீங்களே அண்ணி!"

"உனக்குத் தெரியாது வாயாடி. குறைவுன்னு எழுதினா அந்தத் தாளைப் பார்க்கிற எல்லாருக்கும் நான் திருடிதான்."

"இப்ப மட்டும் என்னவாம்?"

அவள் வேகமாக நடந்தாள். அந்த வேலை அவளுக்குச் சம்பளத்துக்கான வேலை மட்டும் அல்ல. அது போனால் வேறு மேஜை கொடுப்பார்கள். ஆனால் கணக்கில் கை வைத்தவள் என்ற பெயரோடு அந்த மேஜையில் உட்கார வேண்டும். அதற்கு அவள் செத்தே போவாள் என்று தோன்றியது. எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்றிலிருந்து அவள் ஆள் தேடினாள். காசு குறைந்தால் யாராவது எடுத்திருக்க வேண்டும். தானாக எப்படிக் குறையும்? குறைந்த நாளில் எல்லாம் வாசலில் இருந்தது யார்? வெள்ளிக்கிழமை துவைக்கப் போட்ட சட்டைகளின் பைகளை அவள் ஒன்றுக்கு இரண்டு முறை துழாவுவதைப் பார்த்தேன். அண்ணனும் பார்த்தான். அவன் சாப்பிடும்போது எதிரே நின்று அவன் கையையே பார்த்தாள். தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள், எடுத்துக்கொண்டு போனாள், திரும்பவும் கொண்டு வந்தாள். வீட்டில் மூன்று பேர் இருந்தோம், மூன்று பேருக்கும் மூச்சு முட்டியது.

ஞாயிறு சாயங்காலம் கேட்டேவிட்டாள்.

"ஏங்க, ஆட்டத்தப்ப டீ குடிக்கிறீங்களே, அதுக்கு யாரு காசு தர்றா?"

அண்ணன் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"பெட்டியிலருந்துதான்."

"எப்பவுமா?"

"எப்பவும்தான். எனக்கு மட்டுமா, பக்கத்துல நிக்கிறவனுக்கும் வாங்கித் தருவேன். என் பொண்டாட்டி பெட்டிதானேன்னு எடுத்தேன்."

அண்ணி திட்டவில்லை, அழவும் இல்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுதும் அவள் முதுகு நாற்காலியில் படிந்தது அப்போதுதான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது என்று நானும் அண்ணனோடு பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவன் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தான். ஆடிட்டரிடமும் தலைமையாசிரியையிடமும் அதையே சொன்னான். எழுதித் தரச் சொன்னார்கள். தந்தான். புருஷனைக் காட்டிக்கொடுக்கத் தயங்கிப் பணம் போட்டிருக்கிறாள் என்று ஆடிட்டர் ஒரு முடிவுக்கு வந்தார். அண்ணிக்கு எச்சரிக்கை, வேலை தப்பியது. அண்ணன் இனி மைதானப் பக்கம் வரக்கூடாது. பள்ளித் தண்ணீர் மோட்டாரைப் பழுது பார்ப்பதும் இனி அவன் இல்லை. அது அவனுக்கு நல்ல வரும்படி.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீக்கடையில் அவன் நுழைந்தால், "கல்லாவப் பத்திரமாப் பாத்துக்கப்பா" என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் கூடச் சிரித்தான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையை அண்ணி அவன் முன்னாலேயே எண்ணி வாங்கினாள். அவனும் கையை விரித்துக் காட்டினான். ஆனால் வேலை தப்பியும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறுபடியும் பூட்டை இழுத்துப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

அடுத்த ஆட்டத்துக்கு வாசலில் வேதியியல் வாத்தியாரை உட்கார வைத்தார்கள். அவரைத் தராசு என்போம். ஒரு பொய்யைக்கூட எடை போட்டுப் பார்த்து வேண்டாம் என்று வைத்துவிடும் மனிதர். கூட எண்ணுவதற்கு இசை டீச்சர். அண்ணி தள்ளி நின்று பார்த்தாள். விசில் ஊதும் நேரத்தில் கூட்டம் மொத்தமாக வந்து மேஜையை நெருக்கியது. இரண்டு பக்கமும் கைகள் நீண்டன. ஒருவன் நோட்டை நீட்டிவிட்டு மீதியை வாங்க, அவனுக்குப் பின்னால் நின்றவன் எனக்கு மீதி என்றான். தராசு வியர்த்துப் போய்க் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஆட்டம் முடிந்து எண்ணினார்கள். குறைந்தது. மறுபடியும் எண்ணினார்கள். அதே குறைவு. எப்போதும் குறைகிற அளவுக்கே குறைந்திருந்தது.

தராசின் முகம் வெளுத்துவிட்டது. "சத்தியமா நான் ஒரு காசு தொடலம்மா. எப்படின்னே தெரியல. இருங்க, என் பர்ஸ்லருந்து..."

"எடுக்காதீங்க சார்!"

மைதானத்தில் இருந்த பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தம். தாளை இழுத்து, அந்தக் கட்டத்தில், குறைவு என்று எழுதினாள். எழுதி முடித்து என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்கும் புரிந்தது. எல்லா ஆட்டத்துக்கும் அண்ணன்தான் உட்கார்ந்தான். அப்படியானால் குறைவெல்லாம் அவன் நாளில்தானே வரும்? மழை பெய்தபோதெல்லாம் தவளை கத்தியது, அதனால் தவளைதான் மழையைக் கொண்டு வந்தது என்று பிடித்துக் கூண்டில் போட்டிருக்கிறோம். படித்தவர்கள் நாலு பேர் கூடிச் செய்த காரியம் இது.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தோம். அண்ணன் முற்றத்தில் ஒரு மோட்டாருக்குக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான்.

"நீங்க எடுக்கவே இல்லையா?" வாசலிலிருந்தே கேட்டாள்.

அவன் கம்பியை விடாமல், "இன்னைக்கும் குறைஞ்சுதா?" என்றான்.

"டீக்கு யாரு காசு?"

"என் பாக்கெட்ல காசு இல்லாமலா இருந்துச்சு?"

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"நீ பர்ஸைத் திறக்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எண்ணி முடிச்சதும் கதவைப் பூட்டிட்டு வர்றேன்னு நான் எழுந்து போறதே அதுக்குத்தான். உன் முகத்தைப் பார்த்தேன். உனக்கு ஒரு ஆள் வேணும். நான்னு முடிவும் பண்ணிட்ட. இல்லன்னு சொன்னா வேலையும் போயிருக்கும், உன் சந்தேகமும் போயிருக்காது. ஆமான்னு சொன்னா ஒண்ணாவது மிஞ்சும்ல?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இந்த மனிதனோடு பேசாமல் இருந்தேனே என்று என் மேலேயே ஆத்திரம். அண்ணி அழவில்லை. கழற்றிய செருப்பை மறுபடியும் மாட்டினாள்.

"எங்கடி?" என்றான் அண்ணன்.

"மேடம் வீட்டுக்கு."

"பைத்தியமா உனக்கு? எல்லாம் அடங்கிப்போச்சு. இப்பப் போய் சொன்னா உன் வேலை போயிடும். திங்கக்கிழமை யோசிக்கலாம், உட்காரு."

"இனிமே நான் எப்படிங்க உட்காருவேன்?"

தலைமையாசிரியையின் வீடு இரண்டு தெரு தள்ளி. அண்ணன் கம்பியைப் போட்டுவிட்டுக் கறை படிந்த கையோடு பின்னால் ஓடிவந்தான். நானும் ஓடினேன். அவர் கதவைத் திறந்து எங்கள் மூன்று பேரையும் பார்த்துப் பயந்துவிட்டார்.

"என்னம்மா, யாருக்கு என்ன ஆச்சு?"

"மேடம், எங்க வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த தாளைத் திருப்பிக் கொடுங்க. அது பொய்."

"அது பொய்னா அந்தக் கேள்வி திரும்ப உங்ககிட்டத்தானே வரும்? யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

"வரட்டும் மேடம். குறைஞ்சது காசு. அதை இத்தனை வருஷமா பர்ஸ்லருந்து போட்டு நிரப்பினேன். கடைசியில அது பத்தலன்னு இந்த மனுஷனையே எடுத்துப் போட்டுட்டேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "அவரை வெளிய எடுங்க மேடம். குறைவுன்னு எழுதுங்க. அதுக்குக் கீழ என் பேரை எழுதுங்க."