கோழிக்கடை அக்காவின் நாய்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு இருபத்திரண்டு வயது. கிள்ளானில் வீடு. தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. இறைச்சியை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மா மீன் பொரித்தால், "பிணத்தையா பொரிக்கிறீங்க?" என்று கேட்பேன். நான் வெளியே கிளம்பும்வரை அவர் அடுப்பைப் பற்றவைக்காமல் காத்திருக்கத் தொடங்கினார். அதை என் வெற்றி என்று நினைத்தேன்.

ஞாயிறுதோறும் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் விலங்கு நலக் குழு கூடும். பத்துப் பேர் இருப்போம். தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை, பிறப்பிலேயே சைவம்.

எங்கள் கிள்ளான் பாசாரில் கோழி விற்ற ஓர் அக்கா ஆறு தெருநாய்களுக்குச் சோறு போட்டு வந்தார். விற்காத கழுத்தையும் காலையும் வேகவைத்துப் பிசைந்து வைப்பார். தெருநாய்களைச் சுட்டுக் கொல்லும் நகராண்மைக்கழக ஆட்களின் லோரி வந்தால், கடைக்குப் பின்னால் கோழிக்கூடைகளை அடுக்கி நாய்களை மறைத்துவிடுவார். ஒருநாள் என்னிடம், "பொட்டைங்களுக்குக் குட்டி போடாம இருக்க ஆப்ரேஷன் பண்ணணும் தங்கச்சி. ஒங்க ஆளுங்க உதவுவாங்களா?" என்று கேட்டார். நான்தான் அவரைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனேன்.

நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஒரு டின் முறுக்கோடு வந்தார்.

"என்ன வேலை செய்றீங்க?" என்று தலைவி கேட்டார்.

"பாசார்ல கோழி வெட்டுறேன் டீச்சர்."

"கையை நீட்டுங்க."

எதற்கென்று தெரியாமல் நீட்டினார்.

"எல்லாரும் பாருங்க. கொலைகாரி கை இப்படித்தான் இருக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். நாய்களைப் பற்றி நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தார். தலைவியும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாய்க்குச் சோறு போட்டா கோழியக் கொன்ன பாவம் போயிடுமா அக்கா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அடுத்த வாரம் அவர் கடை முன்னால் அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நின்றோம். யாரோ வெட்டுக்கட்டையில் சிவப்புப் பெயின்டை ஊற்றினார்கள். அக்கா துணியை எடுத்துத் துடைத்தார்.

ஒரு மாதம் கழித்து, காலையில் பஸ்ஸுக்குப் போகும்போது பாசார் பின்சந்தில் லோரி நின்றது. நாய்கள் பழக்கப்படி அக்காவின் கடைக்கு ஓடின. கூடைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

"அக்கா, மறைங்க! சுட்டுருவாங்க!"

அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. "ஒன் ஆளுங்களக் கூப்பிடு லா. அட்டையத் தூக்கிக்கிட்டு வரட்டும்."

சினையாக இருந்த பொட்டை மேசைக்கு அடியில் புகுந்துகொண்டது. அக்கா அதைக் காலால் வெளியே தள்ளினார். அது திரும்ப உள்ளே வரப் பார்த்தது. மறுபடியும் தள்ளினார். வெடிச்சத்தம் கேட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு, காத்திருந்தவரிடம் எத்தனை துண்டாக வெட்ட வேண்டும் என்று கேட்டார்.

கூட்டத்தில் இதைச் சொன்னேன். "பார்த்தீங்களா, அவங்க புத்தி அவ்வளவுதான்" என்றார் தலைவி. நான் தலையாட்டினேன்.

குழுவை விட்டு விலகப் பல மாதங்கள் ஆயின. அதன் பிறகே மன்னிப்புக் கேட்கப் போனேன். நான் வாயைத் திறக்குமுன், "கோழி வாங்க வந்தியா? இல்லன்னா தள்ளி நில்லு, ஆள் காத்திருக்காங்க" என்றார்.

தள்ளி நின்றேன். அவர் இப்போது எந்த நாயையும் அண்டவிடுவதில்லை, வந்தால் மேலே ஊற்றப் பக்கத்தில் வாளி நிறைய வெந்நீர் வைத்திருக்கிறார் என்று அடுத்த கடைக்காரர் சொன்னார்.