மினுக்கம் வேண்டாத பந்து

பாலக்கரையில் நஜிமுதீனின் கடைசல் பட்டறையிலிருந்து வெளியே போன பொருள் கட்டில் காலாக இருந்தாலும் சரி, தொட்டில் கம்பாக இருந்தாலும் சரி, அதில் முகம் பார்த்து மீசை ஒதுக்கிக்கொள்ளலாம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில்தான் அவர் உயிர் வாழ்ந்தார் என்றால் அது மிகையில்லை. எந்தப் பொருளையும் கொடுத்தனுப்புவதற்கு முன் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். கன்னம் வழுக்க வேண்டும். இல்லாவிட்டால் அது மறுபடியும் கடைசல் எந்திரத்தில் ஏறும்.

"என் கன்னத்தைவிட கட்டில் காலுதான் உங்களுக்கு ஒசத்தி" என்பாள் மனைவி ஷரீபா, பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னாலிருந்து.

"உன் கன்னத்துக்கு உப்புத்தாள் போட முடியாதே, ஷரீபா."

"போட்டுப் பாருங்களேன், சோறு கிடைக்குதான்னு பாப்போம்."

இப்படியே பதினெட்டு வருஷம். பிள்ளை இல்லை என்ற ஒரு குறை. அதையும் இருவரும் சிரித்துச் சிரித்தே மெத்தென்று ஆக்கிவிட்டிருந்தார்கள்.

சுவரோரப் பலகையில் தேய்ப்புச் சாமான்கள் வரிசையாக இருக்கும். முதலில் பரும்படி உப்புத்தாள், அப்புறம் நடுத்தரம், அப்புறம் துணியில் ஒட்டிய எமரிப் பொடி. அடுத்து, கார் பெயிண்ட் அடிப்பவர்கள் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கும் கறுப்புத் தாள். கடைசியாக, முக்கொம்புப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரவழைத்த பராய் இலை. காய்ந்த பராய் இலை பூனையின் நாக்கைப்போல இருக்கும். அது நக்கிவிட்ட மரம் கண்ணாடியாகிவிடும்.

1961 டிசம்பரில் ஒரு திங்கட்கிழமை, பொன்மலைப் பள்ளிக்கூடத்து அக்னஸ் டீச்சர் துணிப்பைக்குள் பாரமாக எதையோ சுமந்துகொண்டு பட்டறைக்கு வந்தார். பையிலிருந்து எடுத்து வைத்தது ஒரு கறுப்புப் பந்து. பூசணிக்காய் அளவு, கல்லாக இறுகிய ரப்பர். மேலே மூன்று துளைகள். ஒரு பக்கம் முழுக்கக் கீறலும் பள்ளமும்.

"இது என்னம்மா, பீரங்கிக் குண்டா?" என்றார் நஜிமுதீன்.

டீச்சர் சிரித்தார். பொன்மலை ரயில்வே காலனி கிளப்பில் நீளமான பலகைத் தரையில் இதை உருட்டி, கோடியில் நிற்கும் பத்து மரக்கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம் என்று சொன்னார். சொல்லிக்கொண்டே வலது கையை நீட்டினார். நடுவிரலும் மோதிரவிரலும் பாதியில் நின்றிருந்தன. வையம்பட்டியில் சிறுமியாக இருந்தபோது கரும்பு ஆலையில் மாட்டிக்கொண்ட கை.

"ஊர் போற வெள்ளைக்காரர் ஒருத்தர்கிட்ட இந்தப் பந்தை வாங்கி, என் விரலுக்கு அளவெடுத்துத் தொளை போட்டுக் கொடுத்தது எங்க வீட்டுக்காரர். வேற எந்தப் பந்துலயும் என் கை நிக்காது, பாய். அவர் போய் ரெண்டு வருஷமாச்சு. நான் ஆடப் போகல. மழைக்குக் கூரை ஓடு விழுந்து பந்து இப்படி ஆயிடுச்சு."

"இப்ப ஆடணுமாம்மா?"

"ஞாயித்துக்கிழமை போட்டி. பேரு கொடுத்துட்டேன். விதவைக்கு என்ன விளையாட்டுன்னு பேசுறாங்க. இந்தத் தடவை போகலேன்னா இனி எப்பவுமே போகமாட்டேன், அது எனக்கே தெரியும்."

கண்ணில் வந்ததை அவர் கீழே விழ விடவில்லை. நஜிமுதீன் பந்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மேல் தோலை மட்டும் எடுப்பேன். தொளையைத் தொடமாட்டேன். போயிட்டு வாங்க" என்றார்.

இரண்டு மரக் கிண்ணங்கள் கடைந்து, அவற்றின் நடுவே பந்தைப் பிடித்து எந்திரத்தில் சுழலவிட்டார். பரும்படித் தாளை வைத்ததுமே ரப்பர் சூடேறிக் கருகல் நாற்றம் அடித்தது. உடனே தாளை மாற்றினார். கறுப்புத் தாளில் பரும்படியான ரகத்தை எடுத்து, சோப்புத் தண்ணீர் சொட்டச் சொட்டத் தேய்த்தார். ஒரே பக்கமாகச் சுழன்றால் பந்து முட்டையாகிவிடும் என்று நிறுத்தி நிறுத்தித் திருப்பி வைத்தார். பள்ளங்கள் மறைந்தன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவர் கை நிற்குமா? மெல்லிய தாள், அதைவிட மெல்லிய தாள், பராய் இலை, கடைசியில் எண்ணெயும் சுண்ணமும் தொட்ட கம்பளித் துணி. புதன்கிழமை மாலை அந்தப் பந்தில் பட்டறையின் ஜன்னல் கம்பிகள்கூடத் தெரிந்தன. கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பந்து வழுக்கிக்கொண்டு போயிற்று.

"மாஷா அல்லாஹ்!" என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்டார். டீச்சர் வந்து பார்த்து மலைத்து, கும்பிட்டுவிட்டு எடுத்துப் போனார்.

மறுநாள் மாலை அதே பையோடு திரும்பி வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க, பாய். பந்து நிக்கவே மாட்டேங்குது."

"நிக்கலையா?"

"மீன் மாதிரி வழுக்குது. நீங்களே வந்து பாருங்களேன்."

பளபளப்பைக் குறை சொல்லி யாரும் அவர் வாசலில் நின்றதில்லை. முகம் சுண்டிப்போய், சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே பொன்மலைக்குப் போனார்.

அங்கே கிளப்பில் டீச்சர் பந்தை உருட்டினார். எண்ணெய் பூசிய பலகையில் அது நேராக வழுக்கிப் போய், கட்டைகளுக்கு முன்னால் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், ஓரத்துக் கால்வாயில் தொபுக்கென்று விழுந்தது. மறுபடியும் உருட்டினார், மறுபடியும் கால்வாய். பெஞ்சில் இருந்த யாரோ சிரித்தார்கள். டீச்சர் தலையை நிமிர்த்தவே இல்லை.

பக்கத்தில் கிடந்த மற்றப் பந்துகளை நஜிமுதீன் தொட்டுப் பார்த்தார். எல்லாம் மங்கல். மற்றவர்கள் உருட்டியபோது அவைதான் கடைசி நேரத்தில் தரையைப் பற்றிக்கொண்டு வளைந்து போயின. ஐயோ, ஒரு பெண்பிள்ளையின் மானத்தை என் மினுக்கம் கால்வாயில் தள்ளிவிட்டதே என்று அவர் நெஞ்சு பதறியது.

"எவ்வளவு சொரசொரப்பு வேணும்மா? சொல்லுங்க."

"சொல்லத் தெரியல, பாய். தொட்டா தெரியும்."

அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டார். மோட்டார் பட்டறையில் தூக்கிப்போட்ட பழைய கார் பாட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். அதுவும் அதே இறுகிய ரப்பர்தான். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து, டீச்சர் தொட்டுப் பார்க்க மாதிரிக்கு என்று அதைச் சில்லு சில்லாக அறுத்து, ஒவ்வொரு சில்லையும் ஒவ்வொரு தாளால் தேய்த்துத் திண்டாடிக்கொண்டிருந்தார்.

"பந்துக்கு நிக்காஹ் பண்ணப் போறீங்களா, இத்தனை அலங்காரம்?" என்று கேட்டாள் ஷரீபா. அடிப்பிடித்த சட்டியும் கையுமாக நின்றவள் ஒரு சில்லைப் பொறுக்கிக்கொண்டு போனாள். "நானும் ஒண்ணு தேய்க்கிறேன். பொழுதுக்கும் தேய்க்கிறவதானே."

சனிக்கிழமை டீச்சர் பந்தோடு வந்து கண்ணை மூடி உட்கார்ந்தார். சில்லுகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினார்.

"இது கீறுது... இது பழையபடி வழுக்குது... இது பரவாயில்ல, ஆனா வரிவரியா ஓடுது." அடுத்ததில் விரல் நின்றது. முகம் மலர்ந்தது. "இதுதான்! எங்க வீட்டுக்காரர் கொடுத்தப்ப இப்படித்தான் இருந்துச்சு."

நஜிமுதீன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் தாள் எதுவும் இப்படி ஒரு தடம் விடாது. எல்லாப் பக்கமும் ஒரே மங்கல், புழுதி படிந்த நாவற்பழம் போல.

"இதை யாரு தேய்ச்சா?"

"செங்கல் பொடியும் தேங்கா நாரும்" என்றது திரை. "சலிச்ச பொடி. சட்டிக்கே சலிக்காம போடமாட்டேன்."

நஜிமுதீனுக்கு முதலில் ரோஷம் வந்தது. முப்பது வருஷத் தொழிலாளி. அவர் பலகை முழுதும் தாள். கடைசியில் பாத்திரம் விளக்கும் நாரா? டீச்சரின் கட்டைவிரல் இன்னும் காற்றில் அந்தச் சில்லைத் தடவிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் ரோஷம் எங்கோ போயிற்று. கறுப்புத் தாளால் மினுக்கத்தைத் தானே உரித்து எடுத்தார். பிறகு பந்தைத் தூக்கிக்கொண்டு திரையை விலக்கி உள்ளே போனார்.

"இந்தா. மீதி உன் வேலை."

"நெசமாவா?"

"தொளைக்குள்ள பொடி போயிடாம துணி அடைச்சுக்க. ஒரே பக்கமா தேய்க்காத, வட்டமா தேய்."

"எனக்கே சொல்லித் தர்றாரு பாருங்க, டீச்சர்" என்றபடி முற்றத்தில் குந்தினாள் ஷரீபா. அக்னஸ் டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினார். நஜிமுதீன் கையைக் கட்டிக்கொண்டு வாசற்படியில் நின்றார். சும்மா நிற்பதும் அன்றைக்கு அவருக்குச் சுகமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை குதிரை வண்டியில் இருவரும் பொன்மலைக்குப் போனார்கள். ஷரீபா வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். டீச்சர் பந்தோடு முன்னால் வந்தபோது கிளப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பாதி விரல்கள் துளைக்குள் இறங்கின. கை ஒரு முறை பின்னால் போய் வந்தது.

பந்து எண்ணெயில் நேராக ஓடியது. கால்வாயை நெருங்கியது. நஜிமுதீன் கண்ணை மூடிக்கொண்டார். தடதடவென்று மரக்கட்டைகள் சரிகிற சத்தம்.

"ஏங்க, திரும்பிடுச்சுங்க! முழுசும் விழுந்துடுச்சு!" என்று ஷரீபா அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

கோப்பையை வேறொருத்தி வாங்கிப் போனாள். டீச்சர் மூன்றாவதாக வந்தார். அந்த முதல் வீச்சு முடிந்து அரைமணியாவது ஆகியிருக்கும், அப்போது டீச்சர் முகத்தில் வந்த சிரிப்பு இன்னும் மாறவில்லை. வண்டிக்காரன் காத்திருப்பானே என்று எழுந்த இருவரையும் அவர் ஓடிவந்து மறித்தார். நெற்றியெல்லாம் வியர்வை.

"எங்க கிளம்புறீங்க? போட்டிதான் முடிஞ்சுது. இப்ப சும்மா ஆடப் போறேன். உக்காருங்க ரெண்டு பேரும்!"

உட்கார்ந்தார்கள்.