பயந்தாங்கொள்ளி வளர்த்த கோழிகள்

என் தம்பி மாதிரி ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. இடி இடித்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கட்டில்மேல் ஏறி உட்காருவான். கேஸ் அடுப்பை மூடியாகிவிட்டதா என்று மூன்று தரம் பார்ப்பான். மூன்றாவது தரம் பக்கத்து வீட்டில் இருக்கும் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவான். நாற்பத்தொரு வயதில் ஒரு பெண் பிறந்தது. அதற்குப் பிறகு கேட்கவே வேண்டாம். குழந்தை தும்மினால் இவனுக்கு ஜுரம் வரும்.

தொழிலில் மட்டும் அவன் வேறு ஆள். மீன்வலைக்கு ஈயக்குண்டு செய்கிறவன். கொல்லைப்புறக் கொட்டகையில் பழைய ஈயத்தை இரும்புச் சட்டியில் உருக்கி, மேலே ஏடு மாதிரி படியும் சாம்பலை வழித்துப் போட்டுவிட்டு, அச்சில் ஊற்றுவான். ஆறியதும் பிசிறை அரத்தால் ராவுவான். பதினெட்டு வருஷத்தில் ஒரு சொட்டுகூடக் காலில் சிந்தியதில்லை. அந்த நேரத்தில் அவன் கை நடுங்கி நான் பார்த்ததில்லை.

குழந்தைக்காகத்தான் கோழி வளர்த்தான். கடை முட்டையை யார் நம்புவது? ஒன்பது கோழிகள். தினமும் காலையில் ஒரு முட்டையைத் தானே அவித்து, தானே உரித்து, ஊதி ஊதி ஊட்டுவான். கோழிப்பேன் குழந்தைமேல் ஏறிவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம். கொல்லை மூலையில் குழி வெட்டிச் சாம்பல் நிரப்பி வைத்தான். கோழிகள் அதில் இறக்கையை விரித்துப் புரண்டுகொண்டே கிடக்கும்.

முதல் கோழி செத்தபோது கீரி என்றோம். சுற்றிலும் கம்பி வலை கட்டினான். அடுத்த வாரம் இரண்டாவது செத்தது. வலையும் அறுபடவில்லை, கோழிமேல் ஒரு கீறலும் இல்லை. சாவதற்கு முன்னால் தீனி எடுக்காமல், இறக்கை தொங்கி, கால் மடங்கி உட்கார்ந்தே இருந்தது. எச்சம் பச்சையாகப் போயிற்று. கழிச்சல் நோய் என்று மருந்து வாங்கித் தண்ணீரில் கலந்தான். மூன்றாவதும் போயிற்று.

நான் சும்மா இருப்பேனா? பின்வீட்டு வாத்தியார்தான் விஷம் வைத்தார் என்று முடிவு கட்டினேன். கோழி அவர் செடியைக் கிளறுகிறது என்று சண்டை போட்டவர் ஆயிற்றே! வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாய்க்கு வந்தபடி பேசினேன். அந்த மனிதர் கண் கலங்கி, "ஏம்மா, நானும் அந்தக் குழந்தைக்குக் கதை சொல்றவன்தானே? அது ஓடுற இடத்துல விஷம் வைப்பேனா?" என்றார். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

அந்த வாரம்தான் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். நான்கு வயசு, ஒரு நிமிஷம் சும்மா இருக்காதவள், வாசற்படியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டைத் தள்ளிவிட்டாள். தம்பி பெண்டாட்டி என் கையைப் பிடித்து, "அண்ணி, கோழியும் இப்பிடித்தான உக்காந்துச்சு?" என்றாள். என்ன பேச்சு பேசுகிறாய் என்று அவளைத்தான் திட்டினேன். பயந்தால் எனக்குத் திட்டத்தான் வரும்.

நான்காவது கோழி செத்த காலையில், தம்பி அதைப் பையில் போட்டு மாட்டு ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனான். நானும் கூடப் போனேன். டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு எங்கள் கண் முன்னாலேயே அறுத்தார். கோழி கல்லை விழுங்கித் தீனியை அரைக்குமே, அந்த இரைப்பையைப் பிளந்து தட்டில் கவிழ்த்தார். மணலும் கல்லும் வந்தன. அவற்றுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில், துண்டு துண்டாக ஏதோ மின்னியது. டாக்டரம்மா ஒரு துண்டை இடுக்கியால் எடுத்துத் தாளில் தேய்த்தார். பென்சில் மாதிரி கோடு விழுந்தது.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"வலைக்கு ஈயக்குண்டு ஊத்துறேன் மேடம்."

"கோழிங்க எங்க மேயுது?"

தம்பி முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்து, "அக்கா, அந்தக் குழி..." என்றான்.

அடுப்புச் சாம்பல் அவன் வீட்டில் ஏது? கேஸ் அடுப்புதானே. உருக்கும்போது வழித்தெடுத்த ஈயச் சாம்பலைத்தான், அரத்தூளோடு சேர்த்து, கூடை கூடையாக அந்தக் குழியில் கொட்டியிருக்கிறான். பார்க்க மெத்தென்று இருந்ததாம். பேனும் அண்டவில்லையாம்.

"வீட்ல சின்னப் பசங்க இருக்காங்களா? அந்த முட்டைய சாப்பிட்டாங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

அங்கிருந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டு, "அப்பா மடியில வச்சுப் பிடிச்சுக்கோங்க" என்றது ஞாபகம் இருக்கிறது. தம்பி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவிய கை. "அக்கா, நீ பிடி. என் கை வேணாம்." குழந்தை, அப்பா தூக்கு, அப்பா தூக்கு என்று கதறினாள். அவன் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றான்.

ரத்தத்தில் ஈயம் இருந்தது, நிறையவே. மருந்து கொடுத்தார்கள், அந்த வீட்டுப் பக்கமே கூட்டிப் போகாதீர்கள் என்றார்கள். குழந்தையும் அவள் அம்மாவும் ஊர்க்கோடியில் ஒரு வாடகை அறைக்குப் போனார்கள். தம்பி சட்டியைக் கவிழ்த்துவிட்டு மூட்டை தூக்கப் போனான். சாயங்காலம் குளித்து, வேறு சட்டை மாற்றி, அந்த அறையின் ஜன்னலுக்கு வெளியே நின்று பேசிவிட்டு வருவான். உள்ளே மட்டும் போகமாட்டான். நானும் அவன் பெண்டாட்டியும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். பாதிக்குமேல் இறங்கியிருந்தது. மீதியும் இறங்கும், ஆனால் படிப்பில் கொஞ்சம் பின்தங்கலாம், இப்போதே சொல்ல முடியாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். நானும் தம்பி பெண்டாட்டியும் ஆயிரம் கேள்வி கேட்டோம். தம்பி ஒன்றுதான் கேட்டான்.

"சார், நான் தூக்கலாமா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "உங்க பொண்ணுதானே? தூக்குங்க" என்றார்.

குழந்தை அதற்குள் கையை நீட்டிவிட்டாள். தம்பி கொஞ்சம் இரு என்று அவளிடம் சொல்லிவிட்டு, கை கழுவக் குழாயடியைத் தேடிக்கொண்டு போனான்.