புதுசு சேர்க்காத வருசம்

என் வீட்டுக்காரரின் வருசத் திவசத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. காலையில் பல்லேகலவுக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து, வழக்கம்போல அவருடைய குரலைக் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். அவர் பேசி அனுப்பியதெல்லாம் இருக்கிற மெசேஜ் ஆப் திறக்கவில்லை. இந்தப் பதிப்பின் காலம் முடிந்துவிட்டது, புதிய பதிப்பைப் போடவும் என்று எழுதியிருந்தது. கீழே ஒரே ஒரு பொத்தான். எப்போதும் பக்கத்தில் இருக்கும் ‘பிறகு’ அன்றைக்கு இல்லை.

அவர் போன நாளிலிருந்து நான் அந்தப் ‘பிறகு’வைத்தான் அழுத்திக்கொண்டு வந்தேன்.

அவர் இருந்தவரைக்கும் இந்த அப்டேட் போடுகிற வேலை எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு போனையும் சார்ஜில் போட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்காருவார். ஹார்ட்வெயார் கடையில் ஆணி நிறுக்கிற மனுசன், அப்டேட் என்று வந்தால் பெரிய டாக்டர். நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தெரியாத பொத்தான் எதைக் கண்டாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். திரை கறுத்துப்போய் நிற்கும்போது அவர் தோளைப் பிடித்து உலுக்குவேன்.

“ஐயோ, செத்துப்போச்சாங்க?”

“சும்மா இரு புள்ள. மூச்சு வாங்கிட்டு எந்திரிக்கும்.”

“உள்ள இருக்கறது எல்லாம் அழிஞ்சிட்டா?”

“உள்ள என்னா இருக்கு? நீ எடுத்த படம் நாலு. நாலுலயும் ஒன் வெரலுதான் தெரியுது.”

கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வந்துவிடும். “இந்தா, இப்ப இது ஒன்னயவிடப் புதுசு” என்று கையில் தருவார்.

அவர் கடையிலேயே மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிட்டு எந்திரிக்கும், மூச்சு வாங்கிட்டு எந்திரிக்கும் என்று அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். சாமி பெயர் ஒன்றும் வாயில் வரவில்லை. அவர் எழுந்திருக்கவில்லை.

என் போனில் அவர் பேசி அனுப்பியவை நாற்பத்து மூன்று இருந்தன. பெரிய பேச்சு ஒன்றுமில்லை. “ஏய், பஸ் பேராதனையில நிக்குது. பேக்கரியில பாண் முடிஞ்சிருந்தா பணிஸ் எடுக்கவா?” “ஏய், கொடய எடுத்துட்டுப் போனியா?” ஒன்றில் வெறும் சிரிப்பு. ஏன் சிரித்தார் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. கருமாதி முடிந்து அவருடைய உடுப்புகளைக் கொடுத்தபோது, போனைக் கொழுந்தனார் கேட்டார். கொடுத்தோம். அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு அவர் பாவிக்கத் தொடங்கினார். அவர் குரல் என்னிடந்தான் இருக்கிறதே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

சாவு விழுந்த வீட்டில் வருசம் திரும்பும்வரை புதுசு எதுவும் சேர்க்க மாட்டோம். தீபாவளிக்குத் துணி இல்லை, பொங்கலுக்குப் பானை இல்லை. விளக்குமாறு தேய்ந்துபோனபோதுகூடப் பக்கத்து வீட்டில் பழையது ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அப்படி இருக்கையில், ‘புதிய பதிப்பு வந்துள்ளது’ என்று போன் கேட்டால் நான் எப்படிச் சரி என்பேன்? போட்டால் குரல் அழிந்துவிடுமோ என்ற பயம் வேறு.

கடுகண்ணாவையில் கட்டிக்கொடுத்த மகள் பேசும்போதெல்லாம் இதே பேச்சுத்தான்.

“அம்மா, அப்டேட்ட போடுங்கம்மா. ஒரு நாளைக்கு அப்படியே நின்னுரும்.”

“வருசம் திரும்பட்டும்டி.”

“போனுக்குமா தீட்டு?”

“அதுவும் இந்த வீட்டுலதானே கெடக்கு.”

அவள் சொன்னதுபோலவே நின்றுவிட்டது. ஏசுவாள் என்று பயந்து அவளுக்கு நான் சொல்லவில்லை. பகல் சாப்பாட்டு நேரத்தில், ஃபெக்டரியில் எனக்கு அடுத்த மெஷினில் தைக்கிறவளிடம் காட்டினேன்.

“அக்கா, அந்த ஆப்ப அழிச்சிட்டுத் திரும்பப் போடுங்க. என்னோடதும் அப்படித்தான் சரியாச்சு. எல்லாம் தானா வந்துச்சு.”

எனக்கு அது சரியாகப் பட்டது. இருந்ததை எடுத்துவிட்டு இருந்ததையே வைத்தால் புதுசு ஆகாதே. பழைய சேலையைத் துவைத்துக் கட்டுகிற மாதிரிதான். வருசத்துக்கும் பங்கமில்லை, ஒன்பது நாள் அவர் குரல் இல்லாமல் இருக்கவும் வேண்டாம். அழிக்கும்போது போன் ஏதோ கேட்டது. வாசிக்காமலே ‘சரி’ என்று அழுத்தினேன்.

திரும்பப் போட்டேன். என் நம்பரைக் கேட்டது, கொடுத்தேன். திறந்தது. வெள்ளையாக இருந்தது. அவர் பெயர் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு வேலை விட்டு நேராகக் கண்டி டவுனுக்குப் போய், போன் திருத்துகிற கடையில் கொடுத்தேன். கடைக்காரர் வயருகளைக் குத்தித் தேடினார். நான் கண்ணாடிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“அக்கா, எங்கயாச்சும் சேமிச்சு வெச்சீங்களா?”

“அதெல்லாம் அவருதாங்க பாப்பாரு.”

“அவர்ட போன் இருக்கா?”

சொன்னேன். கடைக்காரர் போனைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். “அப்டேட் மட்டும் போட்டிருந்தா எல்லாம் அப்புடியே இருந்திருக்கும்” என்றார். பிறகு, நான் திரும்பப் போட்டதும் புதிய பதிப்புத்தான், பழையது இப்போது எங்கேயும் கிடைக்காது என்றார். காசு வாங்கவில்லை.

மகள் ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திவசத்தன்றைக்கு, படையல் எடுத்த பிறகு, அவளுக்கு அவர் அனுப்பியது இரண்டைப் போட்டுக் காட்டினாள். “மகள், சாப்பிட்டியா?” என்று அதே குரல். அவளைத்தான் கூப்பிடுகிறார். முடியும்வரை கேட்டேன், இன்னொரு முறையும் கேட்டேன். ‘ஏய்’ எங்கேயும் வரவில்லை.

“இப்ப போனுக்கும் போடலாம்தானே?” என்று கேட்டு, மிச்சமிருந்த அப்டேட்டுகளை எல்லாம் போட்டாள். திரை கறுத்தது. என் முகத்தைப் பார்த்தாள், நான் பதறுவேன் என்று.

எனக்குப் பயம் வரவில்லை. மூச்சு வாங்கிட்டு எந்திரிக்கும் என்று அவளுக்குச் சொன்னேன். எழுந்திருக்காமல் போனாலும் எனக்கு ஒன்றுமில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.