ஒரு எரர்கூட இல்லை

தவமணிக்கு எதிலும் சந்தேகம். பூட்டிய கதவைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்காமல் வேலைக்குக் கிளம்ப மாட்டாள். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில், தகடு அமுக்கும் பிரஸ் மெஷின்களுக்கு ப்ரோகிராம் எழுதுவது அவள் வேலை. அப்பா விநாசித்தம்பி அவளைக் கிளார்க்காகப் பார்க்க ஆசைப்பட்டவர். மகளோ எண்ணெய் வாடையோடு வீடு திரும்பினாள், சந்தோஷமாகத்தான்.

1993இல் ஒருநாள் அம்மாவை டாக்டரிடம் காட்ட அரைநாள் லீவு. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு, கடலுக்கு இந்தக் கரையில் சூலியா தெருக் கடை ஒன்றிலிருந்து தொழிற்சாலைக்குப் போன் போட்டாள். கூட வேலை பார்க்கும் ராமதாஸ் எடுத்தான்.

"புது மெஷின் ஃபைல் எல்லாத்தையும் டிஸ்க்ல காப்பி பண்ணி, மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டர்லயே கம்பைல் பண்ணிட்டேன்கா. ஒரு எரர்கூட இல்லலா. சாப்பிட்டு வந்ததும் குணவதி ஓட்டுவா. எலுமிச்சம்பழம்கூட ரெடி."

"பழம் வச்சாத்தான் என் ப்ரோகிராம் ஓடுமா?" என்று சிரித்துவிட்டு, மோட்டார் சைக்கிளோடு ஃபெரி ஏறினாள்.

நடுக்கடலில்தான், 'மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டர்லயே' என்று ராமதாஸ் சொன்னது அவளுக்கு உறைத்தது.

மெஷின் கதவு சாத்தியிருக்கிறதா என்று எந்தக் கம்பியைப் பார்க்க வேண்டும் என்பது ப்ரோகிராமோடு சேர்கிற ஒரு ஹெடர் ஃபைலில் இருக்கும். புது மெஷினுக்குக் கம்பி வேறு. பழைய ஃபைலைத் தொடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். புதியதற்கும் அதே பெயரை வைத்து முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கிவிடுவார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அவை இரண்டு ஃபைல்கள். மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். டிஸ்கில் பின்னால் வந்த பழையது புதியதை அழித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். எழுதியதை மெஷினுக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர், கேட்ட பெயரில் ஏதோ ஒன்று கிடைத்ததும் எரர் காட்டாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும். மெஷின் இப்போது தப்பான கம்பியைப் பார்த்து, கதவு சாத்தியிருப்பதாகவே நம்பும்.

கதவு திறந்திருந்தால் பிரஸ் இறங்காது என்ற தைரியத்தில், அங்கே எல்லாரும் பிரஸ்ஸை இறக்கும் பெடலில் கால் வைத்தபடியேதான் உள்ளே கைவிடுவார்கள். குணவதியும் அப்படித்தான். கடலில் போன் ஏது? ஃபெரி ஆடி அசைந்து போனது. தவமணிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது.

பிறைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மெஷின் நின்றிருந்தது. சுற்றிலும் கூட்டம். கூட்டத்தை விலக்கி, ஸ்டூலில் இருந்த குணவதியின் கைகளைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் தடவிப் பார்த்தாள்.

"புது வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி பழத்த வச்சிட்டுக் கைய எடுத்தேன்கா," என்றாள் குணவதி. "கால் சும்மா அழுந்திருச்சு. கதவு தொறந்துதான் இருந்துச்சு. இறங்கிருச்சு."

பிரஸ்ஸுக்கு அடியில் பழம் தோலும் சாறுமாகக் கிடந்தது. தவமணி எல்லார் முன்னாலும் அழுதாள்.

"எரரே வரலியேக்கா," என்றான் ராமதாஸ்.

"வந்திருந்தா நான் ஏன்டா இப்படி ஓடி வரப்போறேன்?"

புது ஃபைலுக்கு வேறு பெயர் வைத்து, மறுபடி கம்பைல் செய்தாள். குணவதியைத் தள்ளி நிற்கச் சொன்னாள். கதவைத் திறந்தே விட்டு, இன்னொரு பழத்தைத் தானே உள்ளே வைத்து, பெடலை ஓங்கி மிதித்தாள். பழம் அப்படியே இருந்தது. இன்னொரு முறை மிதித்தாள்.